மாதம் 500 ரூபாய்க்குள் முகப் பராமரிப்பு: காசு எதில் போகணும்?

செவ்வந்தி

விடுதியில் தங்கிப் படிப்பவர்களும் புதிதாக வேலைக்குப் போகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி என்பதால் தனி இழையாகவே போடுகிறேன். நிபந்தனை இவ்வளவுதான்: மாதம் 500 ரூபாய், முகத்துக்கு மட்டும், குழாயில் வருவது போர் தண்ணீர், ஊர் சென்னை, மதுரை மாதிரி வெயில் ஊர், எண்ணெய் வழியும் அல்லது நடுத்தரமான சருமம்.

மூன்று பொருள் போதும். கழுவ ஒன்று, ஈரப்பதத்துக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று. இதில் பாதிக் காசுக்கு மேல் சன்ஸ்கிரீனுக்குத்தான் போக வேண்டும், மற்ற இரண்டும் எது மலிவோ அது. நடைமுறையில் நடப்பது நேர் எதிர். 600 ரூபாய் கொடுத்து வைட்டமின் சி சீரம் வாங்குகிறவர்கள் சன்ஸ்கிரீனைச் சுண்டைக்காய் அளவு எடுத்துத் தடவிவிட்டு வெளியே போகிறார்கள். மாநிறம், கருநிறம் உள்ளவர்களுக்குப் பருவைவிடப் பரு ஆறிய பின் நிற்கும் கருப்புத் தடம்தான் பெரிய தொல்லை. வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் அந்தத் தடம் மாதக்கணக்கில் மங்காது. அதனால்தான் சன்ஸ்கிரீனை முதலில் வைக்கிறேன்.

கணக்கு: சன்ஸ்கிரீன் 50 கிராம் ட்யூப் 400 ரூபாய் என்று வையுங்கள். முகத்துக்கு ஒரு தடவைக்கு 1.2 கிராம். ட்யூப் 41 நாள் வரும், மாதம் சுமார் 290 ரூபாய். ஃபேஸ்வாஷ் 100 மில்லி 200 ரூபாய். இரவு மட்டும் ஒரு மில்லி என்றால் 100 நாள், மாதம் 60 ரூபாய். மாய்ஸ்சரைசர் 100 கிராம் 250 ரூபாய். இரவில் அரை கிராம் என்றால் ஆறு மாதம் தாண்டும், மாதம் 40 ரூபாய்கூட ஆகாது. மொத்தம் 400 ரூபாய்க்குள் முடிகிறது.

காலையில் வெறும் தண்ணீரில் கழுவி, துடைத்து, சன்ஸ்கிரீன். இரவில் ஃபேஸ்வாஷ், முகம் லேசாக ஈரமாக இருக்கும்போதே மாய்ஸ்சரைசர். இதற்கு மேல் ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறவர்கள் எதற்காகச் சேர்க்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

உப்புத்தண்ணி

காலையில வெறும் தண்ணின்னு சொன்னது ரொம்பப் பேருக்குச் சரி. ஆனா எண்ணெய் அதிகம் உள்ளவங்க, தூங்கும்போது வேர்க்கிறவங்க காலையிலயும் கால் மில்லி ஃபேஸ்வாஷ் போட்டுக்கலாம், அதனால பட்ஜெட் ஒண்ணும் உடையாது.

போர் தண்ணி பத்தி விரிவா சொல்லணும். சாதா சோப்பு காரத்தன்மை உள்ளது, பிஎச் 9, 10 வரைக்கும் போகும். நம்ம தோல் மேற்பரப்பு 5ஐ ஒட்டி இருக்கும், அதாவது லேசான அமிலம். இது முதல் சிக்கல். ரெண்டாவது, உப்புத் தண்ணியில இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் சோப்போட சேர்ந்து கரையாத பிசுக்கா மாறிடும். பக்கெட் ஓரத்துல வெள்ளையா படியுதே, அதேதான். எத்தனை மக் ஊத்தினாலும் அது தோல்ல கொஞ்சம் ஒட்டிக்கிட்டே இருக்கும். கழுவினதும் முகம் இழுத்துப் பிடிச்ச மாதிரி இருந்தா "நல்லா சுத்தமாயிருச்சு"ன்னு நினைக்கிறோம். தோல் காய்ஞ்சு போச்சுங்கிறதுதான் அதுக்கு அர்த்தம்.

இதுக்கு வழி சிண்டெட் வகைக் கட்டியோ ஃபேஸ்வாஷோதான். பார்க்க சோப்பு மாதிரியே இருக்கும், ஆனா சோப்பு கிடையாது, உப்புத் தண்ணியில பிசுக்கு படியாது. சேர்மானப் பட்டியல்ல முதல்லயே சோடியம் பாமேட், சோடியம் பாம் கெர்னலேட், சோடியம் டாலோவேட்னு இருந்தா அது சோப்பு. சோடியம் கோகோயில் ஐசெதியோனேட்னு முதல்ல இருந்தா சிண்டெட். உறையில பெருசா போடுற டிஎஃப்எம் (மொத்தக் கொழுப்புப் பொருள்) 76 சதவீதம்ங்கிறது சோப்போட தர அளவுதான். டிஎஃப்எம் எவ்வளவு கூடினாலும் சோப்பு காரம்தான், அதைப் பார்த்து முகத்துக்கு வாங்காதீங்க.

கட்டியா வாங்கினா நாலா வெட்டி ஒரு துண்டை மட்டும் வெளிய வைங்க. ஓட்டை உள்ள டப்பாவுல, தண்ணி தேங்காம. சிண்டெட் சோப்பை விட சீக்கிரம் ஊறிக் கொழகொழன்னு ஆயிடும். "பத்து நாள்ல கரைஞ்சு போச்சு"ன்னு சொல்றவங்க முக்கால்வாசிப் பேர் வீட்டுல அது தண்ணியிலதான் கிடந்திருக்கும்.

தண்ணி ரொம்பக் கடினமா இருந்தா கடைசி ஒரு டம்ளர் மட்டும் குடிதண்ணியில முகத்தை அலசிருங்க, போதும்.

கரிசல்காட்டான்

எல்லாம் சரி, பயத்தம்மாவை ஏன் யாருமே பேசலை? காலங்காலமா அதுதானே. ஃபேஸ்வாஷ் 60 ரூபாயும் மிச்சம்.

செவ்வந்தி

பயத்தம்மாவு கெட்டது இல்லை அண்ணா. மாவுச்சத்தும் புரதமும் மேலே இருக்கும் எண்ணெயை உறிஞ்சி எடுக்கும், காரமும் கிடையாது. மூன்று இடத்தில்தான் அது கைவிடுகிறது.

ஒன்று, அரைவை. வீட்டு மிக்ஸியில் அரைத்தால் குருணை நிற்கும். அதை வைத்துத் தேய்த்தால் பரு உள்ள முகத்தில் கீறல், கீறலிலிருந்து கருமை. மில்லில் அரைத்து, மெல்லிய துணியில் சலித்த மாவாக இருக்க வேண்டும். இரண்டு, காயவிடுவது. பேக் மாதிரிப் பூசி இறுகும்வரை உட்கார்ந்துவிட்டு உரித்து எடுப்பது தோலை உலர்த்தும். தண்ணீரில் நன்றாகக் குழைத்து, தேய்த்த கையோடு கழுவிவிட வேண்டும். மூன்று, தண்ணீர் தாங்கும் சன்ஸ்கிரீனை மாவு முழுதாக எடுக்காது. ஆகவே சன்ஸ்கிரீன் போட்ட நாளின் இரவில் ஃபேஸ்வாஷ், மாவு வேண்டுமென்றால் காலையில். ஒரு கைப்பிடி அளவே எடுத்து வையுங்கள். ஈரக் கை பட்ட டப்பாவில் பூஞ்சணம் வரும்.

மாவோடு எலுமிச்சை மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் அமிலம் தோலுக்கு மிக அதிகம். அதோடு எலுமிச்சைச் சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் எரிந்து, கொப்புளம்கூட வந்து, பழுப்புத் தழும்பாக நிற்கும். பருவுக்குப் பற்பசை, ஆப்ப சோடா தடவுவதையும் இந்தக் கணக்கிலேயே சேருங்கள்.

ஃபார்மசி கவுன்ட்டர்

செவ்வந்தி போட்ட 1.2 கிராம் சரியான எண். ஆனால் அதை எப்படி அளப்பது என்று சொல்லாவிட்டால் யாரும் போடப்போவதில்லை.

சன்ஸ்கிரீன் உறையில் உள்ள எஸ்பிஎஃப் எண் (வெயிலில் தோல் எரியாமல் எவ்வளவு காக்கும் என்ற அளவு), ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவி ஆய்வகத்தில் எடுத்தது. முகப்பரப்பு சுமார் 600 சதுர சென்டிமீட்டர். பெருக்கினால் 1.2 கிராம். இதில் பாதியைத் தடவினால் உறையில் போட்ட பாதுகாப்பில் பாதியோ அதற்கும் கீழேயோதான் கிடைக்கும்.

இணையத்தில் சொல்லும் "இரண்டு விரல் அளவு" தலை, முகம், கழுத்து மூன்றுக்கும் சேர்த்துச் சொன்னது. முகத்துக்கு மட்டும் அவ்வளவு தேவையில்லை. மேலும் ட்யூபின் வாய் ஒன்றில் அகலம், ஒன்றில் ஊசி மாதிரி. அதனால் விரல் கணக்கு பிராண்டுக்குப் பிராண்டு மாறும். மெடிக்கல் ஷாப்பில் ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள், சில்லறைக் காசுதான். பிஸ்டனை உருவிவிட்டு, பின்பக்கமாகக் கிரீமை உள்ளே விட்டு, பிஸ்டனைப் போட்டுக் காற்றை வெளியேற்றி, 1.2 மில்லியை ஒரு தட்டில் தள்ளுங்கள். இப்போது அதே ட்யூபிலிருந்து பக்கத்தில் ஒரு கோடு பிழிந்து இரண்டும் ஒரே அளவாக வரும் நீளத்தைப் பாருங்கள். ஒரு ட்யூபுக்கு ஆள்காட்டி விரல் முழுக்க ஒரு கோடு வரும், இன்னொன்றுக்கு ஒன்றரைக் கோடு வரும். உங்கள் ட்யூபுக்கு எவ்வளவு என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும். சமையலுக்கான கால் டீஸ்பூன் அளவுக் கரண்டி இருந்தால் அதுவும் ஆகும், தலைதட்டி எடுத்தால் 1.25 மில்லி.

இன்னொரு சோதனை இதைவிட எளிது. ட்யூப் பிரித்த தேதியை மார்க்கரில் அதன் மேலேயே எழுதுங்கள். தினமும் முகத்துக்குப் போட்டும் 50 கிராம் ட்யூப் இரண்டு மாதம் தாண்டி வந்தால் நீங்கள் குறைத்துப் போடுகிறீர்கள்.

அவ்வளவையும் ஒரே தடவையில் அப்பினால் வழுக்கும். பாதியை எடுத்து நெற்றி, இரு கன்னம், மூக்கு, தாடை என்று புள்ளி வைத்துப் பரப்புங்கள், ஒரு நிமிடம் விட்டு மீதிப் பாதி. காது மடலும் மூக்கின் இரு ஓரமும் எல்லோரும் விடுகிற இடங்கள்.

எஸ்பிஎஃப் 30 தோலைச் சுட்டெரிக்கும் கதிரில் 97 சதவீதத்தை நிறுத்தும், 50 ஏறக்குறைய 98 சதவீதம். 50க்கு மேல் உள்ள எண்ணுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. கருமைத் தடம் உள்ளவர்கள் பிஏ என்ற குறியைப் பாருங்கள் (கருமையைக் கூட்டும் யுவிஏ கதிரை எவ்வளவு தடுக்கும் என்பது அது), பக்கத்தில் மூன்று அல்லது நான்கு கூட்டல் குறி இருக்க வேண்டும். மங்கு உள்ளவர்களுக்கு நிறம் கலந்த சன்ஸ்கிரீன் கூடுதல் பலன் தரும். அதில் உள்ள இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் தடுக்கும், அந்த வெளிச்சமும் நம் நிறத்தில் மங்கைக் கூட்டும். முகத்தில் வெள்ளை பூக்கும் பிரச்சினையும் அதில் இல்லை.

வெள்ளரிப்பிஞ்சு

கழுத்துக்கும் போட்டா கணக்கு உடையுதே அக்கா? அப்புறம் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் போடணும்னு சொல்றாங்க. 500 ரூபாய்ல அது எப்படி?

செவ்வந்தி

உடையும். முன்கழுத்தும் சேர்த்தால் தினம் 1.8 கிராம், ட்யூப் 27 நாள், மாதம் 430 ரூபாய். அதனால் கழுத்தைத் துப்பட்டாவோ காலரோ பார்த்துக்கொள்ளட்டும். துணியைத் திரும்பத் திரும்பப் பூச வேண்டியதில்லை.

இரண்டு மணி நேரக் கணக்கு வெயிலில் நிற்பவர்களுக்கு. காலை எட்டரைக்குப் பஸ் ஏறி, நாள் முழுக்க ஜன்னலைவிட்டுத் தள்ளி உட்கார்ந்து, ஆறு மணிக்கு வீடு திரும்புபவருக்குக் காலையில் ஒரு முறை முழு அளவில் போட்டால் போதும். மதியம் சாப்பிட வெளியே போனால் குடை. ஜன்னலோரம் உட்கார்கிறவர்கள் திரையை இழுத்துவிடுங்கள். கண்ணாடி தோலைச் சுட்டெரிக்கும் கதிரைத்தான் நிறுத்தும், தடத்தை நிலைக்கவைக்கும் யுவிஏ பெருமளவு உள்ளே வரும்.

பத்திலிருந்து மூன்று மணிவரை வெளியே வேலை என்றால் நிலைமை வேறு. உணவு டெலிவரி, கட்டட வேலை, கள விற்பனை செய்கிறவர்களை 500 ரூபாயில் இரண்டு மணிக்கு ஒருமுறை பூசச் சொல்வது நடக்காத காரியம். அவர்களுக்கு அகல விளிம்புத் தொப்பி, முழுக்கை, முகத்தில் கட்டும் பருத்தித் துணி, ஹெல்மெட்டில் இறக்கிவிட்ட வைசர், இவைதான் முதல் வரிசை. துணி மறைக்காத மூக்கு, கன்ன எலும்புப் பகுதிக்கு மட்டும் சன்ஸ்கிரீன், அதை மதியம் ஒருமுறை புதுப்பித்தால் செலவு கட்டுக்குள் நிற்கும்.

உப்புத்தண்ணி

வேர்வையில வழிஞ்சு கண்ணு எரியுதுன்னு விட்டவங்க நிறைய. சன்ஸ்கிரீன்ல வெயிலைத் தடுக்கப் போடுற சில ஃபில்டர்கள் வேர்வையோட கண்ணுக்குள்ள இறங்கினா எரியும். புருவத்துக்கு மேலயும் கண்ணைச் சுத்தியும் மட்டும் ஜிங்க் ஆக்சைடு உள்ளதைப் போடுங்க, எரிச்சல் குறையும். ஈரத்தை ஒத்தி எடுங்க, கர்ச்சீப்பால துடைச்சீங்கன்னா சன்ஸ்கிரீனும் சேர்ந்து போயிடும்.

தேய்க்கும்போது அழுக்கு மாதிரி உருண்டு உருண்டு வந்தா, கீழ போட்ட மாய்ஸ்சரைசர் இன்னும் ஊறலைன்னு அர்த்தம். எண்ணெய்ச் சருமக்காரங்க காலையில மாய்ஸ்சரைசரையே விட்டுரலாம், சன்ஸ்கிரீனே அந்த வேலையைச் செஞ்சிரும்.

மேகமலை

மாய்ஸ்சரைசரை இன்னும் மலிவாக்கலாம். மருந்துக்கடையில் கிளிசரின் சிறு பாட்டில் கிடைக்கும். அதை அப்படியே முகத்தில் பூசக் கூடாது, பிசுபிசுக்கும், சிலருக்கு எரியும். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் நான்கு பங்கு, கிளிசரின் ஒரு பங்கு. நான்கு டீஸ்பூன் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன், அவ்வளவே கலக்குங்கள். கெடாமல் காக்கும் பொருள் எதுவும் இதில் இல்லாததால் ஃப்ரிட்ஜில் வைத்தாலும் ஒரு வாரத்தில் கொட்டிவிட வேண்டும். ஏசி அறையில் தூங்குபவர்கள், வறண்ட சருமம் உள்ளவர்கள் இதன் மேல் பச்சைப்பட்டாணி அளவு பெட்ரோலியம் ஜெல்லியை உள்ளங்கையில் தேய்த்து, கன்னத்தில் ஒத்தி எடுத்தால் ஈரம் வெளியே போகாது. உதடு, முழங்கை, குதிகாலுக்கும் அதே டப்பா.

தேங்காய் எண்ணெய் உடம்புக்கும் காலுக்கும் நல்லது. பரு வரும் முகத்துக்கு வேண்டாம், துவாரத்தை அடைக்கும். தலையில் எண்ணெய் வைத்துப் படுப்பவர்களுக்கு நெற்றி ஓரத்தில் பொடிப்பொடியாக வரும் பருவுக்கும் பெரும்பாலும் அந்த எண்ணெய்தான் காரணம். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வைத்து அலசிவிடுங்கள், தலையணை உறையை வாரம் இருமுறை மாற்றுங்கள்.

ஃபார்மசி கவுன்ட்டர்

நான்காவது பொருள் சேர்ப்பதென்றால் பருவுக்கு மட்டும்தான் நியாயம் இருக்கிறது. பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம் ஜெல். 10 சதவீதம் வாங்கினால் பலன் அதிகமாகாது, எரிச்சல்தான் அதிகமாகும். பருவின் மேல் புள்ளி வைக்காமல் பரு வரும் பகுதி முழுவதும் பட்டாணி அளவு மெல்லியதாகப் பரப்ப வேண்டும், அடுத்துக் கிளம்பக் காத்திருக்கும் பருக்களைத் தடுப்பதுதான் அதன் வேலை. முதல் இரண்டு வாரம் ஐந்து நிமிடம் வைத்துக் கழுவிவிடுங்கள். தோல் தாங்கினால் நேரத்தைக் கூட்டலாம். துண்டு, தலையணை உறை, சட்டைக் காலர் பட்டால் சாயம் வெளுத்துவிடும், வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வாரம் போகாமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டாவது வாரத்தில் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம்.

நெற்றியில் ஒரே அளவில், அரிப்போடு, வேர்த்தால் கூடுகிற சிறு முத்துகள் பரு இல்லாமல் பூஞ்சை வகையாக இருக்கலாம். அதற்கு மேலே சொன்னது எதுவும் வேலை செய்யாது, எண்ணெய் போட்டால் இன்னும் கூடும். பொடுகும் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து யாரும் தாண்டிப் போக வேண்டாம். பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டாசால், மொமெட்டாசோன் இந்த மூன்று பெயரில் ஒன்று ட்யூபில் இருந்தால் அது ஸ்டீராய்டு. முகம் வெளுக்க என்று பக்கத்து வீட்டார் சொன்னாலும் கடைக்காரர் கொடுத்தாலும் தொடாதீர்கள். முதல் வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகும், அதில்தான் ஏமாறுகிறோம். போகப் போகத் தோல் மெலிந்து, சிவந்து, ரத்த நாளம் தெரிந்து, முடி முளைத்து, பரு கொத்தாக வரும். நிறுத்தினால் எரியும் என்பதால் விடவும் முடியாது. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கலாம் என்று ஆக்கியதே இதனால்தான். ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டுவருபவர்கள் தாமாகச் சட்டென்று நிறுத்தாமல் மருத்துவரைப் பார்த்துக் குறைத்துவர வேண்டும்.

அடுத்தது பாதரசம். தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண் இல்லாமல் வரும் வெளுப்புக் கிரீம்களில் அது இருக்க வாய்ப்பு உண்டு. "தங்கம், வெள்ளி நகையில் படாமல் பூசவும்" என்று உறையில் எழுதியிருந்தால் அப்படியே கீழே வைத்துவிடுங்கள். பாதரசம் நகையோடு வினைபுரியும், அதனால்தான் அந்த எச்சரிக்கை. 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட கிரீம்களைப் பயன்படுத்தியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது செய்தியாகவே வந்தது.

கரிசல்காட்டான்

கழுத்து கருப்பா இருக்குன்னு பீர்க்கங்காய் நாரை வச்சுத் தேய்க்கிறாங்களே, அதுக்கு என்ன பண்ணலாம்?

மேகமலை

முதல்ல தேய்க்கிறதை நிறுத்தச் சொல்லுங்க. உரசல் கருமையைக் கூட்டும். நைலான் நாரால் வருடக்கணக்கில் முதுகு தேய்ப்பவர்களுக்கு அலை அலையாகக் கருப்பு படர்வதும் இதே காரணத்தால்தான். கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் தோல் தடித்து, வெல்வெட் மாதிரிக் கருத்திருந்தால் அது அழுக்கு இல்லை. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கக்கூடும். கிரீமுக்குக் கொடுக்கும் காசைச் சர்க்கரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள், எடை கூடியிருந்தால் அதைக் கவனியுங்கள்.

பொட்டு வைக்கும் இடத்தில் வெள்ளைத் திட்டு வந்தாலும் இதே மாதிரி காரணத்தைத் தேடணும். ஸ்டிக்கர் பொட்டின் பசையில் உள்ள ஒரு ரசாயனம் சிலருக்கு அந்த இடத்து நிறமியை அழித்துவிடும். ஸ்டிக்கரை உடனே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வெள்ளரிப்பிஞ்சு

மூணையும் ஒரே நாள்ல ஆரம்பிச்சுரலாமா? மருத்துவர்ட்ட போகணும்னா பட்ஜெட்டே போயிடுமே?

செவ்வந்தி

ஒரே நாளில் வேண்டாம் தங்கச்சி. ஏதாவது ஒத்துக்கொள்ளாவிட்டால் எது என்று தெரியாமல் மூன்றையும் தூக்கிப்போட வேண்டியதாகிவிடும். ஒவ்வொரு புதுப் பொருளையும் முழங்கை மடிப்பின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தினம் இருமுறை, ஒரு வாரம் போட்டுப் பார். ஃபேஸ்வாஷ் என்றால் தடவி வைத்துவிடாமல், முகத்தில் விடும் நேரம் மட்டும் விட்டுக் கழுவிவிடு. சிவக்கவில்லை, அரிக்கவில்லை என்றால் முகத்துக்கு. முதலில் சன்ஸ்கிரீன், அடுத்த வாரம் ஃபேஸ்வாஷ், அதற்கடுத்து மாய்ஸ்சரைசர்.

மருத்துவருக்குத் தனிக் காசு வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு, புறநோயாளிச் சீட்டு இலவசம். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடு. அன்று காலை முகத்தில் எதுவும் பூசாதே. இதுவரை போட்ட ட்யூப், டப்பா, நாட்டு மருந்துப் பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போ. பெயர் தெரியாத கிரீம் என்றால் காலி ட்யூபாவது அவர்கள் கண்ணில் பட வேண்டும்.